சொல்லாமல் போன இணைய நண்பர்கள்: உங்கள் அனுபவம்?

நள்ளிரவு மோடம்
ஐ.ஆர்.சி. என்ற பழைய இணைய அரட்டை பழகியவர்களுக்கு இது புரியும். எங்கள் சேனலில், அதாவது அரட்டை அறையில், மொத்தமே 15 பேர்தான். ராத்திரி வீட்டு போன் லைனிலேயே டயல்-அப் இணைப்பு போட்டு, மோடம் கத்தி முடித்ததும் உள்ளே போனால் அதே பெயர்கள். அதில் ஒருவரோடு இரண்டு வருஷம் பேசியிருக்கிறேன். ஆணா பெண்ணா தெரியாது, கேட்கத் தோன்றியதும் இல்லை. ஒரு நாள், சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் ஏறினாரா இல்லையா என்ற இடத்தில் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "பிங் டைம்அவுட்", அதாவது இணைப்பு அறுந்தது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த வரி இன்னும் கண்ணில் நிற்கிறது.

மஞ்சள் எழுத்து
எனக்கு ஒரு சொந்தப் பக்கம் இருந்தது. கறுப்பில் நட்சத்திரங்கள், மேலே மஞ்சள் எழுத்து. ஒரு நாள் கெஸ்ட்புக்கில் (வருகிறவர்கள் கருத்து எழுதும் பக்கம்) யாரோ எழுதியிருந்தார்: "கவிதை நன்றாக இருக்கிறது, நட்சத்திரம்தான் படிக்க விடவில்லை." மாற்ற வேண்டிய எச்டிஎம்எல் வரியையும் கீழே போட்டிருந்தார். மாற்றினேன். மறுநாள் வந்து "இப்போது சரி" என்று மட்டும் எழுதினார். அதற்கப்புறம் எத்தனை லைக் வாங்கியும் அந்த இரண்டு வார்த்தை தந்த சந்தோஷம் கிடைக்கவில்லை. இடம் தந்த சேவையை மூடியபோது கெஸ்ட்புக்கும் போய்விட்டது.

ஓரத்து நாற்காலி
மோடம் நண்பரே, அவர் மேல் குறை சொல்லாதீர்கள். சொல்லாமல் போன ஆள் நான். அற்ப விஷயத்துக்குச் சண்டை, அரட்டை ஜன்னலை மூடிவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேறு பெயரில் எட்டிப் பார்த்தபோது, "அவருக்கு உடம்புக்கு ஏதாவதா, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் என்று சொல்ல விரல் வரவில்லை. போனவர்களுக்கும் உறுத்தும்.

பழைய டிஸ்க்
ஐ.சி.க்யூ. என்ற பழைய மெசஞ்சரின் "அ-ஓ" சத்தம் கேட்டால் இன்றும் திரும்பிப் பார்ப்பேன், என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், இருப்பதை இன்றே எடுத்து வையுங்கள். சொந்தப் பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரிலும், சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பரிலும், யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரிலும் மூடின. ஐ.சி.க்யூ.வும் 2024 ஜூனில் போய்விட்டது. மஞ்சள் எழுத்து, பழைய முகவரி நினைவிருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதை அப்படியே போட்டுப் பாருங்கள். முகப்பு வராவிட்டாலும் உள்பக்கங்களைத் தனித்தனியாகத் தேடுங்கள், கெஸ்ட்புக் வேறு தளத்தில் ஓடியிருந்தால் அந்த முகவரியையும். ஜியோசிட்டீஸ் பக்கங்கள் நிறையவற்றை ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் மூடும் முன்பே எடுத்து வைத்தார்கள். ஐ.ஆர்.சி. பேச்சு அப்படிக் கிடைக்காது, அது உங்கள் கணினியில் மட்டும்தான். ஐ.ஆர்.சி.க்கான எம்.ஐ.ஆர்.சி. மென்பொருளில் லாகிங் (பேச்சைப் பதிந்து வைக்கும் வசதி) போட்டிருந்தால் 'லாக்ஸ்' ஃபோல்டரில் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும், நோட்பேடிலேயே திறக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

நள்ளிரவு மோடம்
லாக் கிடைத்தது. நான் தப்பாக நினைவு வைத்திருந்தேன். டைம்அவுட்டுக்கு நாலு நிமிஷம் முன்னால் அவர் எழுதியிருக்கிறார்: "அம்மா போன் பேசணுமாம், லைனை விடணும். மீதி நாளைக்கு. இருக்கியா?" அந்த நேரத்தில் நான் வேறொருவரிடம் சேனல் பெயரை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பதில் எழுதவே இல்லை.