குழு விதிகள் எங்கே இருக்க வேண்டும்: ரெப்போவிலா, எம்சிபி சர்வரிலா?

பெல்லந்தூர்வாசி:
பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் 9 பேர் குழு, 7 ரெப்போ (கோடு வைக்கும் களஞ்சியம்). கோடு எழுதும் ஏஐக்கான ஒரே விதிக் கோப்பைத்தான் எல்லாவற்றிலும் காப்பி செய்து போட்டோம். இன்று ஏழும் ஏழு மாதிரி. தொகையை ஃப்ளோட்டில் (தசம எண் வகை) வைக்காதே, பைசாவாக முழு எண்ணில் வை என்கிறது பில்லிங் ரெப்போ. ரீஃபண்ட் ரெப்போவில் அந்த வரியே இல்லை. போன மாதம் அங்கே ஏஐ ஃப்ளோட்டில் எழுதியது, ரிவ்யூவிலும் யார் கண்ணிலும் படவில்லை. விதிகளை ஒரே இடத்தில் வைத்து எம்சிபி சர்வர் (ஏஐ கேட்கும்போது தகவல் தரும் சர்வர்) வழியாக எடிட்டருக்குக் கொடுப்போம் என்கிறேன். எடிட்டராகக் குழுவில் பாதிப் பேர் கர்சர், மீதிப் பேர் விஎஸ் கோடு. இரண்டிலும் எம்சிபி வேலை செய்யும்.

கோரமங்களா_டெவ்:
எனக்கு ஒப்புதல் இல்லை அண்ணா. சர்வரைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மாடல். சின்ன வேலை என்று தோன்றினால் கேட்காமலே எழுதிவிடும். கர்சரின் ரூல்ஸ் கோப்பில் ‘ஆல்வேஸ் அப்ளை’ போட்டால் ஒவ்வொரு சாட்டிலும் விதி கூடவே போகும். இரண்டு எடிட்டர் என்றால் ரெப்போவில் வைக்கும் ஏஜென்ட்ஸ் டாட் எம்டி கோப்பு இருக்கிறது, இரண்டுமே படிக்கும். இன்னொன்று, ஆறு மாதம் பழைய பிராஞ்சை (கோடின் தனிக் கிளை) எடுத்தால் அன்றைய விதியும் சேர்ந்தே வரும். சர்வரில் இன்றைய விதிதான் கிடைக்கும். பழைய கோடில் புதிய விதியைத் திணித்தால் தேவையில்லாத மாற்றங்கள்தான் குவியும்.

பெல்லந்தூர்வாசி:
பிராஞ்ச் விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு விதி மாறினால் 7 புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை). யார் போடுவார்கள்? போடாததால்தானே இந்த நிலை.

ஓசூர்_பஸ்:
ரீஃபண்டில் நடந்ததற்கு இரண்டுமே மருந்து இல்லை. கட்டாயம் மீறக் கூடாத விதியை ஏஐ படிக்கும் என்று நம்பி விடாதீர்கள். தொகைக்குத் தனி டைப் வையுங்கள், ஃப்ளோட் வந்தால் சிஐ (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) பில்டை நிறுத்தட்டும். இடைவெளி, பெயரிடும் முறை எல்லாம் லின்ட்டர் (கோடு நடையைச் சரிபார்க்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். எங்கள் கோப்பில் இவற்றை எடுத்த பிறகு மிஞ்சியது 40 வரிதான். நீளமான கோப்பைவிட இதை மாடல் ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

கோரமங்களா_டெவ்:
அந்த 40 வரியைப் பொது ரெப்போவில் வைத்து, மாறும்போது 7 இடத்திலும் சிஐயே புல் ரிக்வெஸ்ட் திறக்கட்டுமே. யாரும் கையால் போட வேண்டாம்.

பெல்லந்தூர்வாசி:
திறக்கும், மெர்ஜ் செய்ய ஆள் வேண்டும். சரி, ரெப்போவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி ரீஃபண்டில் தொடங்குகிறேன். தொகை டைப்பை இந்த வாரமே போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லும் நீண்ட குறிப்புகளை மட்டும் எம்சிபியிலேயே வைக்கப் போகிறேன். அதை மாடல் எப்போதாவது கேட்டால் போதும்.