உயரமான டொக்கில இருந்து கயாக்கில ஏறி இறங்குறது எப்பிடி?

சுபா, ஸ்காபரோ:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் தொடக்கத்தில வாற லேபர் டே விடுமுறைக்கு, ஒன்டாரியோவில ஏரிகள் நிறைஞ்ச ஹலிபர்ட்டன் பக்கம் ஒரு கொட்டேஜ் எடுத்திருக்கிறம். ஜூலையிலயும் அங்கதான் நிண்டனாங்கள். அப்ப டொக் (படகுத்துறை) பலகைக்கும் கயாக்குக்கும் (துடுப்பால ஓட்டுற ஒடுங்கின சின்ன வள்ளம்) ஒரு சாண் இடைவெளிதான், சுகமா ஏறினம். இப்ப சொந்தக்காரர் அனுப்பின படத்தில தண்ணி நல்லாக் கீழ போட்டுது. டொக் இடுப்பளவு உயரத்தில நிக்குது. கயாக் ரெண்டும் அகலமான, உள்ளுக்க இருந்து ஓட்டுற வகை. அம்மாவுக்கு 63 வயது. ஊரில வள்ளத்தில போய்வந்த ஆள், தானும் ஓட்டவேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறா. ஆனா முழங்கால் மடக்கி எழும்பக் கஷ்டம். போனமுறை தம்பி ஒரு காலை டொக்கிலயும் மற்றக் காலைக் கயாக்கிலயும் வைச்சு நடுவில விழுந்தவன். விலா டொக் விளிம்பில அடிபட்டு, கொஞ்சநாள் இருமவே ஏலாமல் கிடந்தவன். அம்மாவுக்கு அப்பிடி நடந்தா நான் தாங்கமாட்டன். ஏறுறதை விட இறங்குறதுதான் எனக்குப் பயம். பழகின ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

துடுப்புக்காரன்:
தங்கச்சி, ஹலிபர்ட்டன் ஏரிகளில கனக்க, ட்ரெண்ட்-செவெர்ன் கால்வாய்க்குத் தண்ணி குடுக்கிற தேக்கங்கள். பனி உருகி நிரம்பினதைக் கோடை முழுக்க, கால்வாயை நடத்துற அரச நிறுவனமான பார்க்ஸ் கனடா, கால்வாய்க்குத் திறந்து விடும். ஒரு மீற்றருக்கு மேல இறங்கிற ஏரிகளும் இருக்கு. மிதக்கிற டொக் எண்டால் தண்ணியோட சேர்ந்து இறங்கும். உங்கடது கல் நிரப்பின மரப்பெட்டிக்கு மேல கட்டினதாக்கும், அது அசையாது.

இடுப்பளவு எண்டா அம்மா அந்த டொக்கில ஏறவே வேண்டாம். கரையில வைச்சு ஏத்துங்கோ. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ ஆழம் இருக்கிற இடத்தில கயாக்கை முழுசா மிதக்க விட்டு, தம்பி அங்கால் பக்கம் நிண்டு கொக்பிட் (ஆள் இருக்கிற திறந்த குழி) விளிம்பை அமத்திப் பிடிக்கட்டும். அம்மா கயாக்குக்கு முதுகைக் காட்டி, முதல்ல இருக்கையில குந்தோணும். பிறகு கால் ஒவ்வொண்டா உள்ள. இறங்கேக்க கால் ரெண்டையும் முதல்ல வெளியில எடுத்து, பாதம் அடியில நல்லா ஊன்றின பிறகு நீங்கள் முன்னால நிண்டு கை குடுங்கோ. அப்பவும் தம்பி பிடியை விடக்கூடாது. கல்லில பாசி வழுக்கும், பிடிப்புள்ள தண்ணிச் சப்பாத்துப் போடுங்கோ.

டொக் தாழ்வா இருக்கேக்க உங்களுக்கும் தம்பிக்கும்: கயாக்கை டொக்கோட ஒட்டி நிப்பாட்டுங்கோ, துடுப்பு கை எட்டுற இடத்தில கிடக்கட்டும். கொக்பிட்டுக்கு நேரே டொக் விளிம்பில குந்தி, ரெண்டு பாதத்தையும் கயாக்கின்ர நடுக்கோட்டில வையுங்கோ. எழும்பி நிக்கவே கூடாது. ஒரு கை டொக்கில, மற்றக் கை கொக்பிட்டின்ர பின்விளிம்பில. முன்முனையைப் பார்த்தபடி இடுப்பைத் தாழ்த்தி ஒரே மூச்சில இருக்கைக்கு இறங்குங்கோ. அரைவாசியில நிண்டு யோசிச்சா கயாக் விலகும், உடம்பு அந்தரத்தில நிக்கும். தம்பி விழுந்ததும் இப்பிடித்தான்.

இறங்கேக்க பாதத்தை இருக்கைக்குக் கிட்ட இழுத்து, டொக் பக்கம் திரும்பி, ரெண்டு முழங்கையும் பலகையில பதிய நெஞ்சை அதில சாயுங்கோ. பாரம் முழுக்க டொக்குக்குப் போன பிறகுதான் கால் வெளியில வரவேணும். வடிவா ஏற நினைக்காதேங்கோ, வயித்தில ஊர்ந்து ஏறினாலும் சரி. கையை நீட்டி டொக்கைத் தள்ளிக்கொண்டு எழும்பினா கயாக் எதிர்ப்பக்கம் ஓடும்.

துடுப்பைக் குறுக்க போட்டு அதில பாரம் வைக்கிற முறையை வீடியோக்களில காட்டுவினம். டொக்கும் கயாக்கும் ஏறக்குறைய ஒரே உயரத்தில இருந்தால்தான் அது சரிவரும். இல்லாட்டித் துடுப்பு சரியும், தண்டு முறியவும் கூடும்.

கௌரி, மிசிசாகா:
சுபா, கயாக் இருக்கை ஒரு மொத்தத் தலையணை உயரம்தான். கொட்டேஜுக்குப் போக முதல் வீட்டில நிலத்தில தலையணை போட்டு, அம்மாவை இருத்தி எழுப்பிப் பாருங்கோ. கை குடுத்தும் எழும்பக் கஷ்டம் எண்டா, மேல இருந்து ஓட்டுற வகை ஒண்டை வாடகைக்கு எடுங்கோ. அதில காலைப் பக்கவாட்டில தொங்கப்போட்டே இறங்கலாம். லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணிக்குக் கிட்டப் போக முதலே போட்டு இறுக்கிவிடுங்கோ. ஏறேக்கயும் இறங்கேக்கயும்தான் ஆக்கள் கூட விழுகினம்.

சுபா, ஸ்காபரோ:
கனக்க நன்றி. கரையில வைச்சே ஏத்துறன். இன்னொண்டு: டொக்கில ஏறேக்க கயாக்கைக் கயித்தால கட்டி வைச்சா ஆடாதுதானே?

துடுப்புக்காரன்:
விலகாது தங்கச்சி, ஆனா ஆடும். கயிறு பக்கவாட்டுச் சரிவை நிப்பாட்டாது. முன்னும் பின்னும் கட்டினா நல்லதுதான், ஆனா இழுத்தவுடன அவிழுற முடிச்சாப் போடுங்கோ. மோட்டர் போட் ஒண்டு போனா அலை முழுக்க அடங்குமட்டும் பொறுங்கோ. ஒரு ஆள் பிடிக்கிறது கயித்தை விடத் திறம். பிடிக்கிற ஆள் டொக்கில முழந்தாளிட்டு இருக்கோணும்; நிண்டபடி குனிஞ்சு பிடிச்சா ரெண்டு பேரும் தண்ணியில.