கோயிலில் தாலி கட்டியது, எழுத்து (கலியாணப் பதிவு) இல்லை. தங்கச்சி தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) கேட்க முடியுமா?

சாம்பல்தீவு அக்கா:

வணக்கம். தங்கச்சிக்காகக் கேட்கிறேன். 2014 இல் திருகோணமலை உப்புவெளியில் ஒரு பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிக் கலியாணம். எழுத்தைப் பிறகு வைப்போம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார், அது நடக்கவேயில்லை. அவர் தம்பலகாமத்துக்காரர், அரசாங்கத்தில் சாரதி. பிள்ளைகள் இரண்டு. மூத்தவனின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனாக அவரே கையெழுத்து வைத்தார். சின்னவள் பிறக்கும்போது அவர் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம். அவளுடைய பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை.

போன கிழமை அவருடைய பெரியப்பா ஒரு கடதாசியோடு வந்தார். ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்பதில்லை’ என்று ரைப் அடித்து, முத்திரையும் ஒட்டியிருக்கிறது. கையெழுத்து வைத்தால் ஒரு லட்சம் ரூபாய் தருவார்களாம். எழுத்து இல்லாதவள் கோட்டுக்குப் போனால் ஒரு சதமும் கிடைக்காது என்கிறார். தங்கச்சி வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறாள். நமக்குத் தேசவழமை என்ற தமிழர் வழமைச் சட்டம்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதில் ஏதும் வழி உண்டா?

உவர்மலை ஓய்வாளர்:

மகள், அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளனாக நெடுங்காலம் இருந்தவன் நான். தாபரிப்பு என்பது இலங்கையின் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம். வசதியுள்ள கணவன், தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவியைக் கைவிட்டால் நீதவான் மாதப் பணம் கட்டளையிடலாம். ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் மனைவிக்கு அந்தக் கட்டளை கிடையாது. ‘மனமொத்து’ என்ற சொல்லை அவர்கள் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். முன்பு ஒரு வழக்கில் இப்படி ஒரு தாளைச் சாட்சிக்கூண்டில் ஒரு பெண்ணிடம் காட்டினார்கள். “இது உன் கையெழுத்தா?” என்ற கேள்வியை அவளுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். “வீட்டு வாடகைக்குக் காசு தருகிறோம் என்றுதான் வைத்தேன் ஐயா” என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தத் தாள் விவாகரத்தும் ஆகாது. நம் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனைத் தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. இரண்டு பேரும் சம்மதம் என்பது காரணமே இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். முதல் தீர்ப்புக் கிடைத்தாலும் குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது முடிவானதாகும். இப்போது அதற்கு அவசரமில்லை.

எழுத்து இல்லை என்பதற்காகக் கலியாணமே இல்லை என்று ஆகாது. வழக்கமான சடங்குகளோடு நடந்த கலியாணத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததும் சாட்சிதான். ஐயர், படங்கள், கோயில் ரசீது, ஒரே விலாசத்தில் இரண்டு பேரின் பெயரும் உள்ள வாக்காளர் இடாப்பு எல்லாவற்றையும் சேருங்கள்.

பிள்ளைகளின் உரிமை தனி. தாய்தகப்பனுக்குள் கலியாணம் இல்லையென்று வந்தாலும் பிள்ளைக்குத் தாபரிப்பு உண்டு. அப்போது அவர்தான் தகப்பன் என்பதை உறுதியான சாட்சியால் காட்ட வேண்டும். கலியாணம் நிரூபணமானால் சின்னவளுக்கு இன்னும் பலம். சாட்சிச் சட்டத்தின் 112 ஆம் பிரிவின்படி கலியாணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடைய பிள்ளை. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் தான் அவளோடு சேரவே வழியில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். ஐந்து மாதம் முன்னர் போனவர் அதை எப்படிக் காட்டுவார்?

தேசவழமை வடக்கைச் சேர்ந்த தமிழருக்கு உரியது, அதுவும் சொத்து விஷயத்தில். திருகோணமலையாருக்குப் பொதுச் சட்டம்தான்.

பாலையூற்று:

அக்கா, நான் இதே நீதவான் நீதிமன்றப் படியில் இரண்டு வருடம் ஏறி இறங்கியவள். பயப்பட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். நம் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், அவருடைய ஊருக்கு அலையத் தேவையில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். வருமானம் கேட்பார்கள், ஜீஎஸ்ஸிடம் (கிராம சேவகர்) ஒரு கடிதம் எடுத்துப் போனால் நல்லது.

ஒரு கொப்பியில் ஒரு மாதச் செலவை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் பால்மா, ரியூசன், பள்ளி வான், மகனின் ஆஸ்துமா மருந்து என்று துண்டுகளோடு ஒட்டி வைத்திருந்தேன். அவருடைய சட்டத்தரணி இவ்வளவு செலவு இல்லையென்று வாதாடியபோது நீதவான் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் ஆள் அரச சம்பளக்காரர் என்பது பெரிய விஷயம். பணம் கட்டாமல் ஏமாற்றினால் சம்பளத்திலேயே பிடிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து:

இதை வாசிக்கும் நம் முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒன்று. நமக்கு 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். மனைவியின் தாபரிப்புக்குக் முஸ்லிம் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றம் போக வேண்டும். மேலே சொன்ன நீதவான் நீதிமன்ற வழியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

சாம்பல்தீவு அக்கா:

ஐயா, பாலையூற்றுத் தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவின் றங்குப் பெட்டியைக் கொட்டித் தேடினோம். கோயில் மண்டபம் பதிவு செய்த ரசீது கிடைத்தது. ‘மணமகன்’ என்ற இடத்தில் அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், அவருடைய கையெழுத்து. ஒரு மூலையில் எண்ணெய் ஊறியிருக்கிறது, ஆனால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. மூன்று போட்டோப் பிரதி எடுத்துவிட்டோம். பெரியப்பாவின் கடதாசியை என் தங்கச்சி வெள்ளிக்கிழமை கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை சட்ட உதவிக்கு நானும் கூடப் போகிறேன், கொப்பியும் வாங்கியாயிற்று.