திறமூல மென்பொருள் ஒன்றுக்கு முதல் பங்களிப்பைச் செய்தபோது, புதியவர்களுக்கான வழிகாட்டிக் கோப்பு உங்களை எங்கே கைவிட்டது? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அகரவரிசை
ஒரு நூலக மேலாண்மை மென்பொருளில் தமிழ்த் தலைப்புகள் வரிசை மாறி வந்தன. காரணம் உங்களுக்கே தெரியும்: எழுத்துகளுக்குக் கணினி தரும் யுனிகோடு எண் வரிசையில் 'ந'வை அடுத்தே 'ன' வந்துவிடும், நம் அகரவரிசையில் அது 18 மெய்களில் கடைசி. அதனால் 'வரம்' என்பதற்கு முன்னால் 'வனம்' வந்து நின்றது. எட்டு வரித் திருத்தம். அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். அதை என் கணினியில் சோதித்துப் பார்க்க மூன்று இரவுகள் ஆயின.

வழிகாட்டியின் நான்காம் படி இதுதான்: "தரவுத்தளத்தை வழக்கம்போல் அமைத்துக்கொள்ளவும்." யாருடைய வழக்கம்? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவினேன், பயனர் உருவாக்கினேன், கடவுச்சொல் கொடுத்தேன். சோதனைகள் ஒவ்வொரு முறையும் அனுமதி இல்லை என்று விழுந்தன. மூன்றாம் இரவு, எப்போதோ மூடப்பட்ட ஒரு வழு அறிக்கையின் அடியில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்: சோதனைகள் தமக்கென ஒரு தரவுத்தளத்தைத் தாமே உருவாக்கும், அந்த உரிமையைப் பயனருக்குத் தர வேண்டும். தந்தேன். எல்லாச் சோதனைகளும் பச்சையாக, அதாவது பிழையின்றி, ஓடின.

திருத்தத்தை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வரியை வழிகாட்டியில் சேர்க்காமல் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒற்றெழுத்து
உங்களுக்கு எட்டு வரி, எனக்கு ஒரே எழுத்து. மொழிபெயர்ப்புக் கோப்பில் 'வாழ்த்துகள்' என்ற சொல்லில் 'ழ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ள்' இருந்தது. விண்டோஸ் மடிக்கணினியில் திருத்தி, புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு கோரிக்கை, திறந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பும் பச்சையும். 1,840 வரிகள் நீக்கம், 1,840 வரிகள் சேர்ப்பு. "ஏன் முழுக் கோப்பையும் மாற்றினீர்கள்?" என்று கேட்டார்கள். நான் மாற்றவில்லை. விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறியீடுகள், லினக்ஸில் ஒன்று. என் எடிட்டர் ஒவ்வொரு வரியிலும் அதை மாற்றிச் சேமித்திருக்கிறது. அன்று அது எனக்குத் தெரியாது. பதில் சொல்லத் தெரியாமல் அன்றிரவே மூடிவிட்டேன். அந்தத் திட்டத்தின் பக்கம் இரண்டு ஆண்டுகள் போகவில்லை. கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' (git) கருவியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அது நடந்தேயிருக்காது.

பராமரிப்பவன்
மேலே இருவரும் சொல்வது சரி. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும்: முட்டிமோதிக் கண்டுபிடித்ததை நீங்கள் ஏன் எழுதவில்லை? திறமூலத் திட்டங்கள் பலவற்றுக்கு இடம்தரும் கிட்ஹப் தளம் 2017இல் நடத்திய ஆய்வில், முழுமையற்ற, காலாவதியான ஆவணங்களைப் பிரச்சினையாகச் சொன்னவர்கள் 93 விழுக்காடு. அதே ஆய்வில், ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்றவர்கள் 60 விழுக்காடு. பதினொரு ஆண்டுகளாக ஊதியமின்றி ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறவனுக்கு இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே வலிக்கின்றன.

என் பக்கத்துத் தவறையும் சொல்கிறேன். விழுப்புரத்தில் ஒரு பயிலரங்கில், என் வழிகாட்டியைப் பார்த்து ஒரு மாணவி நிறுவிக்கொண்டிருந்தார். வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து பின்னால் நின்றேன். இரண்டாம் கட்டளையைக் கொடுத்தார். திரையில் எதுவும் வரவில்லை. கர்சர் மட்டும் துடித்தது. ஆறு நிமிடம் பொறுத்தார். பக்கத்துத் திரையை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, கண்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிட்டார். முதல் முறை ஒன்பது நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அவர் என்னிடம், "நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா சார்?" என்று கேட்டார்.

அஞ்சல்வழி
என் கதை சிறியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். அஞ்சல் எச்டிஎம்எல் வடிவில் இருந்ததால் அஞ்சல் பட்டியல் ஏற்காமல் திருப்பிவிட்டது. எளிய உரையாகத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. நான் அதுவரை படித்துப் போகவில்லை.

அதனால் பராமரிப்பவருக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எழுதப்படாதது ஒரு சிக்கல் என்றால், எல்லாம் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பது இன்னொரு சிக்கல். முதல் நாளுக்கென்று தனிப் பக்கம் வையுங்கள். நகல் எடுப்பது, ஓட்டுவது, ஒரு சொல்லை மாற்றி அனுப்புவது, அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே திரையில் என்ன வரும், எவ்வளவு நேரமாகும் என்று எழுதுங்கள். கடைசியாக யார், எந்த இயங்குதளத்தில், எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று தலைப்பிலேயே போடுங்கள். வாரம் ஒருமுறை வெறும் கண்டெய்னரில் (எதுவும் நிறுவப்படாத தனிச் சூழலில்) அதே படிகளைத் தானியங்கியாக ஓட்டிப் பாருங்கள். உடைந்தால் புதியவருக்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிடும். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று, புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலையாக முத்திரையிட்டதைப் பழைய கைகள் எடுத்து முடித்துவிடக் கூடாது. எந்தக் கோப்பில் தேடத் தொடங்குவது என்றும் அதிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

காத்திருப்பு
இத்தனையும் செய்திருந்த ஒரு திட்டத்தில்தான் நான் தோற்றேன். வழிகாட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரே மாலையில் எல்லாம் ஓடியது. திருத்தம் அனுப்பினேன். ஐந்து மாதம் ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு ஒரு தானியங்கி வந்து, அசைவில்லாததால் மூடுகிறேன் என்று எழுதிவிட்டு மூடியது. அங்கே எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். அஞ்சல்வழி அவர்களே, உங்கள் பட்டியலில் இது இல்லை: எத்தனை நாளில் பதில் வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது?

அகரவரிசை
பராமரிப்பவர் கேட்டது சரியான கேள்வி. இன்று காலை அனுப்பிவிட்டேன். நான்காம் படியில் 'வழக்கம்போல்' நீக்கம், இரண்டு வரிகள் சேர்ப்பு. காத்திருப்பு அவர்களே, பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.