கழுத்து எலும்பு தேய்மானம்: காலரை எத்தனை நாள் போடுவது?

தங்கச்சிமடம் கரை: அப்பா வலை கட்டுகிறவர், வயது 56. வலது கழுத்தில் தொடங்கி கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரை சுரீர்னு இழுக்குது. எக்ஸ்ரேயில் "சி5-சி6 தேய்மானம், எலும்பு முளை" (கழுத்தின் அஞ்சாவது, ஆறாவது எலும்பு). ஒரு மாசமா காலரோடயே இருக்கார். ஆபரேஷன்தான் வழியா? சலூனில் நெட்டி எடுத்தா சரியாகும்னு சொல்றாங்களே?

பிசியோ: நெட்டி வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் ரெண்டு கழுத்தெலும்பு வழியாத்தான் ஓடுது. வெடுக்குன்னு திருப்பினா உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதமே வரலாம்.

காலர் ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல தசை இளைச்சுடும். தினம் கொஞ்ச நேரமா கழட்டிப் பழக்குங்க. பயிற்சி: நிமிர்ந்து உட்கார்ந்து, குனியாம தாடையைப் பின்னால இழுத்து 5 விநாடி, 10 தடவை, மூணு வேளை. வலி விரலை விட்டுக் கழுத்துப் பக்கம் ஏறினா நல்லது. கைக்குள் இன்னும் இறங்கினா நிறுத்திடுங்க.

எலும்பு டாக்டர்: அந்த வயசில் பெரும்பாலானவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தா தேய்மானம் தெரியும், ஃபிலிமை மட்டும் பார்த்து வைத்தியம் கிடையாது. ராத்திரி கை மரத்து, எழுந்து உதறினா சரியாகுதா? அப்படின்னா மணிக்கட்டு நரம்பு நெருக்கமாகவும் இருக்கலாம். வலை ஊசி பிடிக்கிற கைக்கு அது சகஜம்.

தங்கச்சிமடம் கரை: இல்ல டாக்டர். அண்ணாந்து வலப்பக்கம் திரும்பினா வலி கூடுது, வலது கையைத் தலைமேல வச்சா குறையுது.

எலும்பு டாக்டர்: அப்ப பெரும்பாலும் கழுத்தில் சி6 நரம்பு வேர் (தண்டுவடத்தில் இருந்து நரம்பு கிளம்புற இடம்) நசுங்குறதுதான். பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே அடங்கும். வலி மாத்திரை சில நாள் மட்டும், சாப்பிட்ட பிறகு. பிரஷர், கிட்னி, அல்சர் இருந்தா கேட்காம வாங்காதீங்க. சட்டைப் பட்டன் போடத் தடுமாறுறது, நடை தள்ளாடுறது, சிறுநீர் அடக்க முடியாம போறது, கை பலம் குறையுறது: இதில் ஒன்னு வந்தாலும் தண்டுவடமோ நரம்போ நசுங்குறதா இருக்கலாம். காத்திருக்காம ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க, எம்ஆர்ஐ தேவைப்படும்.

பாம்பன் வலைக்காரர்: வலையை மடியில் போட்டுக் கட்டாம, கயித்தில் தொங்கவிட்டு நெஞ்சு உயரத்துக்கு ஏத்துங்க. அரைமணிக்கு ஒருதடவை எழுந்திருக்கச் சொல்லுங்க. ஐஸ் பெட்டி, மீன் கூடை எதுவும் இப்போதைக்கு தலையில் ஏறக்கூடாது.