ஜாங்கோ ப்ராஜெக்டில் இன்டெக்ரேஷன் டெஸ்ட், எங்கிருந்து தொடங்குவது?

கரிசல்மண்
வணக்கம். சின்ன டீம், ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய ஆர்டர் எடுக்கும் ஆப், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். யூனிட் டெஸ்ட் (ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியாகச் சோதிப்பது) நிறைய இருக்கிறது, எல்லாம் எப்போதும் பாஸ்தான். ஆனால் போன ரிலீஸுக்குப் பிறகு சில கஸ்டமர்களுக்கு ஆர்டரே சேவ் ஆகவில்லை, லாகில் பார்த்தால் "வேல்யூ டூ லாங் ஃபார் டைப் கேரக்டர் வேரியிங்(20)". அதே ஆர்டரை டெஸ்டில் ஓட்டினால் ஜம்மென்று போகிறது. டெஸ்ட் ஓடுவது எஸ்க்யூலைட் என்ற இலகுவான டேட்டாபேஸில், வேகத்துக்காக முன்பே அப்படி வைத்திருக்கிறார்கள். இன்டெக்ரேஷன் டெஸ்ட் (பல பகுதிகளைச் சேர்த்து ஓட்டிச் சோதிப்பது) சேர்க்கலாம் என்று முடிவெடுத்துவிட்டோம், ஆனால் இத்தனை ஏபிஐ இருக்கும்போது எங்கே கை வைப்பது? பேமென்ட் கேட்வேயை என்ன செய்வது? சிஐ (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டுவது) நேரம் இழுத்துவிடாதா?

பின்தளம்
உங்கள் எரரிலேயே பாதி பதில் இருக்கிறது. எஸ்க்யூலைட் வர்கார் (உங்கள் எரரில் வரும் கேரக்டர் வேரியிங்) நீளத்தைக் கண்டுகொள்ளாது, 20 என்று போட்ட இடத்தில் 35 எழுத்து கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஜாங்கோவும் சேவ் செய்யும்போது நீளத்தைப் பார்ப்பதில்லை, ஃபுல் கிளீன் என்ற சரிபார்ப்பைக் கூப்பிட்டால்தான் பார்க்கும். ஆக, டெஸ்டில் அதைப் பிடிக்க ஆளே இல்லை. இது மட்டுமா, தேடலில் கன்டெய்ன்ஸ் போட்டால் போஸ்ட்கிரெஸ் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்க்கும், எஸ்க்யூலைட் பார்க்காது. செலக்ட் ஃபார் அப்டேட் (வரிசையை வேறு யாரும் மாற்றாதபடி லாக் செய்வது) எஸ்க்யூலைட்டில் ஒன்றுமே செய்யாது, எரரும் தராது. ஸ்டாக் குறைக்கும் இடத்தில் லாக் சரியாக விழுகிறதா என்று அந்த டெஸ்டை வைத்துச் சொல்லவே முடியாது. அதனால் புது டெஸ்ட் எழுதுவதற்கு முன்னால் டெஸ்ட் செட்டிங்ஸை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுங்கள், ப்ரொடக்‌ஷனில் இருக்கும் அதே வெர்ஷனுக்கு.

தேன்கூடு
மேலே சொன்னது சரி. எங்கே தொடங்குவது என்றால், பணம் போகும் பாதையில். லாகின், கார்ட், ஆர்டர், பேமென்ட், ஸ்டாக் குறைவது: இந்த ஒரு பாதையை ஜாங்கோ டெஸ்ட் கிளையன்ட் வைத்து முழுசாக ஓட்டுங்கள். ரெஸ்பான்ஸ் 201 (உருவாக்கியாயிற்று) வந்தது என்பதோடு நிறுத்தாமல், டேபிளில் வரிசை உண்மையில் என்னவாக இருக்கிறது என்றும் பாருங்கள். கேட்வேக்கு, உங்கள் சொந்த ஃபங்ஷனை மாக் செய்யாதீர்கள் (அதன் இடத்தில் போலியை வைக்காதீர்கள்), அதன் உள்ளே இருக்கும் பிழை மறைந்துவிடும். வெளியே போகும் ஹெச்டிடிபி அழைப்பை மட்டும் போலி சர்வருக்குத் திருப்புங்கள். அப்புறம் அந்தப் போலி சர்வர் டைம்அவுட் ஆகட்டும், 500 (சர்வர் எரர்) தரட்டும், ஒரே வெப்ஹூக்கை (கேட்வே உங்கள் ஆப்புக்கு அனுப்பும் தகவல்) இரண்டு முறை அனுப்பட்டும். கேட்வேக்கள் வெப்ஹூக்கைத் திரும்ப அனுப்புவது சகஜம், அப்போது ஸ்டாக் இரண்டு தடவை குறைகிறதா என்பதுதான் நான் எழுதச் சொல்லும் முதல் டெஸ்ட்.

கரிசல்மண்
ரொம்ப நன்றி. போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியதுமே நாலைந்து டெஸ்ட் உடைந்தது, அந்த நீளப் பிரச்சினையும் அதில் மாட்டியது. இன்னொரு சந்தேகம்: ஆர்டர் கமிட் ஆனதும் (டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதிந்ததும்) மெயில் போக ஜாங்கோவின் ஆன் கமிட் வைத்திருக்கிறோம், டெஸ்டில் அது ஓடவே மாட்டேன் என்கிறது.

பின்தளம்
டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துக் கடைசியில் ரோல்பேக் செய்துவிடும் (செய்த மாற்றங்களை அழித்துவிடும்), கமிட்டே நடக்காததால் ஆன் கமிட்டும் ஓடாது. ஜாங்கோ 3.2 முதல் கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ் இருக்கிறது, எக்ஸிக்யூட் ட்ரூ கொடுத்தால் அவை ஓடும். இரண்டு த்ரெட் வைத்து லாக்கைச் சோதிக்க மட்டும் டிரான்சாக்‌ஷன் டெஸ்ட்கேஸ் வேண்டும், அது ஒவ்வொரு முறையும் டேபிளைக் காலி செய்வதால் மெதுவாக ஓடும், தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள். சிஐ வேகத்துக்கு, டெஸ்ட் டேட்டாபேஸில் எஃப்சிங்கை (எழுதியதை டிஸ்க்கில் உறுதியாகப் பதிய வைப்பது) ஆஃப் செய்யுங்கள், டெஸ்ட் டேட்டா போனாலும் நஷ்டமில்லை. போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் எழுந்ததும், அது தயாரா என்று பார்க்கும் பிஜி இஸ் ரெடி கமாண்ட் பதில் தரும்வரை காத்திருக்க வையுங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸ் தயாராகும் முன்பே டெஸ்ட் ஓடி எப்போதாவது ஃபெயில் ஆகும், அப்புறம் டீமில் எல்லோரும் சிவப்பைப் பார்த்தாலே ரீரன் அழுத்தப் பழகிவிடுவார்கள்.