பழைய மாணவர் சந்திப்பும் நன்கொடைப் பட்டியலும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கணிதத் துறை, முன்னாள் மாணவி

வெள்ளி விழாச் சந்திப்பு முடிந்து மாதங்கள் கடந்த பின்னும் ஒரு காட்சி மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். வரவேற்புரை, ஆசிரியர்களைக் கௌரவித்தல், நிதிக்கான வேண்டுகோள் என்று எல்லாம் வழக்கம்போலவே நடந்தன. அதன்பின் மேடைத் திரையில் நன்கொடையாளர் பெயர்கள் வைரம், பிளாட்டினம், தங்கம், வெள்ளி எனத் தொகை வாரியாக ஓடத் தொடங்கின. எனக்கு முன்வரிசையில் இருந்த வகுப்புத் தோழர், தேர்வுக்கு முந்தைய இரவுகளில் எங்களில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றியவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வெள்ளிப் பிரிவு முடிந்ததும் "மற்றும் பல நண்பர்கள்" என்ற ஒற்றை வரியோடு பட்டியல் நின்றது. அவர் கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை அட்டையின் மேலேயே மெதுவாகச் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குழுப்படத்துக்கு அழைத்தபோது அவரது இருக்கை காலியாக இருந்தது. வரவுக் கணக்கைச் சரிபார்த்தவள் நான் என்பதால், அவர் பணம் அனுப்பியிருந்தார் என்பதும், அழைப்பு வந்த அன்றே அனுப்பினார் என்பதும் எனக்குத் தெரியும்.

இயந்திரவியல் துறை, நிதிக் குழுப் பொறுப்பாளர்

தோழியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் தொகை வாரியான பட்டியலே தவறு என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஆய்வகத்தைப் புதுப்பிக்க நிதி திரட்டிய கூட்டத்தில் ஒருவர், பக்கத்து மேசைத் தோழர் கொடுத்த தொகை அறிவிக்கப்பட்டதைக் கேட்டவுடன், தாம் எழுதி வைத்திருந்த காசோலையைக் கிழித்துவிட்டு வேறொன்றை எழுதினார். அந்தக் காகிதம் கிழிந்த ஓசைக்குப் பிறகுதான் எங்கள் ஆய்வகக் கணக்கு இலக்கை எட்டியது.

இதைப் படிக்கும் மற்ற குழுக்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நன்கொடை கேட்பதற்கு முன்பே அது எதற்கு என்று முடிவு செய்துவிடுங்கள். ஆண்டுச் செலவுக்கான பணம் வேறு, மூல நிதி வேறு. மூல நிதியில் அசலைத் தொடக்கூடாது. முதலீட்டு வருவாயில் ஒரு பகுதியை மட்டுமே செலவிட வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் வழக்கமாக அந்த நிதியின் மதிப்பில் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதத்தை ஒட்டியே செலவுக்கு எடுக்கின்றன. ஆகவே ஒரு மாணவரின் முழுக் கட்டணத்தையும் என்றென்றைக்கும் ஏற்க வேண்டுமானால், அந்தக் கட்டணத்தைப் போல இருபது முதல் இருபத்தைந்து மடங்கு அசல் கையில் இருக்க வேண்டும். அடுத்து, உறுப்பினர்கள் பணிபுரியும் நிறுவனங்களில் இணை நன்கொடைத் திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊழியர் தம் கல்லூரிக்குத் தரும் தொகைக்கு ஈடாக நிறுவனமும் தரும் இந்த முறையை அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக்கின் அறக்கட்டளை 1954இலேயே தொடங்கிவிட்டது. இன்றும் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ரசீதை உடனுக்குடன் அனுப்புங்கள். கணக்கைச் சங்கத்தின் பெயரில் வையுங்கள். எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் தனிநபர் பெயரில் வேண்டாம்.

வரலாற்றுத் துறை, முன்னாள் மாணவர்

எனக்கு நேர்ந்தது தொலைபேசியில். நம் எல்லோருக்கும் வருகிற அதே அழைப்புதான். தற்போதைய மாணவி ஒருவர், எழுதிக் கொடுத்த வாசகத்தைப் படிப்பது குரலிலேயே தெரிந்தது. எந்த விடுதியில் தங்கியிருந்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஐயா, நானும் இப்போது அங்கேதான் இருக்கிறேன். மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னல் உங்கள் காலத்திலும் மூடாதா?" என்றார். மூடாது. மழை நாட்களில் அங்கே பழைய செய்தித்தாளைத் திணித்து வைப்போம். இப்போதும் அதையே செய்கிறார்களாம். அந்த ஜன்னலுக்கே பணம் தருகிறேன் என்றேன். தம்மிடம் உள்ள பட்டியலில் புதிய அரங்கம், விளையாட்டுத் திடல், உதவித்தொகை ஆகியவைதான் இருக்கின்றன, பராமரிப்புக்கு இடமில்லை என்றார் அவர்.

இயந்திரவியல் நண்பர் "எதற்கு என்று முன்பே முடிவு செய்யுங்கள்" என்கிறார். அப்படி முடிவு செய்கிறவர்கள் யாரும் ஜன்னலைத் தேர்ந்தெடுப்பதில்லையே. எந்தப் பணிக்கும் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையின்றித் தரப்படும் பணம்தான் இத்தகைய வேலைகளைச் செய்கிறது. கல்வெட்டில் பெயர் வராத பணம் அது. கடைசியில் நான் அப்படியே கொடுத்தேன். ஜன்னல் சரியானதா என்பது தெரியவில்லை.

தமிழ்த் துறை, முன்னாள் மாணவி

மூல நிதிக் கணக்கை நாங்கள் அனுபவித்தே கற்றோம். படிக்கும் காலத்திலேயே இறந்துபோன தோழனின் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தினோம். முதல் விழாவில் அவனுடைய தாயார் சான்றிதழைக் கையில் வாங்கி, மாணவியின் பெயரை வாய்விட்டுப் படித்தார். அதன் கீழிருந்த தம் மகனின் பெயருக்கு வந்ததும் அதன் மேல் விரலை வைத்து, "எழுத்து சரியாக இருக்கிறதம்மா" என்று என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

சில ஆண்டுகளில் கட்டணம் உயர்ந்தது, வட்டி உயரவில்லை. உதவித்தொகை பாதிக் கட்டணத்துக்குக்கூடப் போதாத நிலை வந்தது. அந்தத் தாயாரை அடுத்த விழாவுக்கு எந்த முகத்தோடு அழைப்பது என்று தவித்தோம். அப்போது கைகொடுத்தவர்கள் வைரமும் பிளாட்டினமும் அல்லர். ஆண்டுதோறும் தம்மால் இயன்ற சிறு தொகையைத் தவறாமல் அனுப்பி வந்தவர்கள்தாம் இன்றுவரை அதை முழுத் தொகையாகத் தாங்குகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் 1890இல் தொடங்கிய நிதியும் ஆண்டுதோறும் பலரிடமிருந்து திரட்டும் இந்த வழியில்தான் வளர்ந்தது. அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் 2018இல் தாம் படித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் உதவிக்காக 180 கோடி டாலர் அறிவித்ததை அனைவரும் அறிவோம். படித்து முடித்த புதிதில் அவர் அங்கே அனுப்பிய முதல் நன்கொடை ஐந்து டாலர். அந்த ஐந்து டாலரை "மற்றும் பல நண்பர்கள்" என்று எழுதுவது முறையா என்று நிதிக் குழுப் பொறுப்பாளரைக் கேட்கிறேன்.

கணிதத் துறை, முன்னாள் மாணவி

பொறுப்பாளரின் அறிவுரைகளுக்கு நன்றி. ஆனால் கணக்கை எப்படி வைப்பது என்று நான் கேட்கவில்லை. எங்கள் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. அவருடைய கூட்டத்தில் ஒருவர் காசோலையைக் கிழித்து எழுதியதை அவர் பார்த்திருக்கிறார். அந்த அறிவிப்பைக் கேட்டுத் தலைகுனிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அடுத்த சந்திப்புக்கு நான் குழுவில் வைத்த கோரிக்கை இதுதான்: பெயர்கள் அகர வரிசையில் வரட்டும், தொகை வேண்டாம், அந்த ஆண்டு மாணவர்களில் எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்பது மட்டும் மேலே வரட்டும்.

இயந்திரவியல் துறை, நிதிக் குழுப் பொறுப்பாளர்

அகர வரிசையை ஏற்கிறேன். தமிழ்த் துறைத் தோழியின் கேள்விக்கும் பதில் அதுவே: ஐந்து டாலருக்கும் பெயர் உண்டு. ஆனால் பெருந்தொகை தருபவரிடம் தனியே சென்று பேசுவதையும், அவர் விரும்பினால் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுவதையும் நான் கைவிட மாட்டேன். அவை இல்லாமல் கட்டடம் எழாது. எங்கள் அடுத்த அறிக்கையில் பராமரிப்புக்கென்று ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வரலாற்றுத் துறை நண்பர் தம் விடுதி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அந்த ஜன்னலைப் பற்றி நேரடியாகக் கேட்கலாம்.